கவுணுக்குள்ளே ஒரு பிள்ளை

லுசேர்ண்
11 மே 2025

அன்புள்ள மச்சாள்,

இந்தச் சாமத்தில் எழுதுவதற்குக் குறை நினைக்க வேண்டாம். சின்னவள் இப்போதுதான் கண் மூடினாள். இவர் ஹோட்டல் சமையலறையிலிருந்து இன்னும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். ஆனால் உங்கள் போன் எந்நேரமும் யதுஷாவின் கையில்தான் இருக்கும், இதை அவள் வாசிக்கக் கூடாது. போனில் கதைத்தாலோ நீங்கள் சிரித்து மழுப்பிவிடுவீர்கள், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கறிக்கதைக்குப் போய்விடுவேன். அதனால்தான் மின்னஞ்சல்.

நேற்று உங்கள் வீட்டில் நானும் சின்னவளும் யதுஷாவின் அறையில்தானே படுத்தோம். குழந்தை மூச்சு விடுகிறதா என்று நான் எழும்பி எழும்பிப் பார்ப்பதைச் சொல்லி நீங்கள் சிரிப்பீர்கள். நேற்றும் அப்படித்தான் எழும்பினேன். சின்னவளின் மூச்சு ஒழுங்காக இருந்தது. மற்றக் கட்டிலில் கேட்ட மூச்சுத்தான் ஒழுங்காக இல்லை. வயிறு வரை போகாமல் நெஞ்சிலேயே முட்டித் திரும்புகிற குட்டி குட்டி மூச்சு. போர்வையை இழுத்துவிடலாம் என்று கையை வைத்தேன். பிள்ளையின் முதுகு பலகையைத் தொட்டதுபோல இருந்தது.

கோர்செட். இடுப்பை ஒடுக்க நீங்கள் கட்டிவிடுகிற அந்த இறுக்குக் கச்சு. நித்திரையிலும்!

தட்டி எழுப்பிக் கேட்டேன். "அம்மா சொன்னவ மாமி, படுக்கேக்கையும் போட்டிருந்தாத்தான் இடுப்பு கெதியாப் பழகுமாம்" என்றாள். கழற்றட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், திரும்பக் கட்ட அம்மாவை எழுப்ப வேணும், அவ பாவம்" என்று மற்றப் பக்கம் திரும்பிவிட்டாள். உங்களுக்காக இரங்குகிற பிள்ளை, மச்சாள் அது.

அவள் பெரியபிள்ளையான கிழமையே சடங்குக் கவுணுக்கு அளவெடுத்துச் சென்னைக்கு அனுப்பினீர்கள். மண்டபம் ஜூன் கடைசியில்தான் கிடைத்தது. இடையில் ஒன்பது மாதம் போய்விட்டது. வளருகிற வயதில் ஒன்பது மாதம்! கவுண் வந்து, பின்பக்கம் நாலு விரல் பொருந்தவில்லை என்று நீங்கள் சொன்னபோது, சரி, கவுணைப் பெரிதாக்குவீர்கள் என்று நினைத்தேன். பிள்ளையைச் சிறிதாக்குவீர்கள் என்று நினைக்கவில்லை.

அந்தக் கிழமை அவளுக்கு நல்லெண்ணெயும் முட்டையும் உழுத்தங்களியும் பருக்கினது நீங்கள்தானே? இடுப்பு எலும்பு பலக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று தின்னப் பண்ணினீர்கள். அதே சடங்குக்காக இப்போது அதே இடுப்பை இறுக்குகிறீர்கள். நாங்கள் என்னதான் கொண்டாடுகிறோம் என்று எனக்குக் குழம்பிப்போய்விட்டது.

அன்றைக்கு ஆராத்தி எடுக்கப்போகிற மாமி நான். அந்த உரிமையில் கேட்கிறேன், அதைக் கழற்றிவிடுங்கள்.

லக்சாயினி


லோசான்
14 மே 2025

அன்புள்ள லக்சாயினி,

உன் கடிதத்தை மெட்ரோவில் நின்றபடி வாசித்தேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரி நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று பார்த்தாள். எனக்கே தெரியவில்லை.

பிள்ளை பெற்ற நாள் தொடக்கம் உனக்குக் காற்றடித்தாலும் பயம். நீ கம்பஸ் படித்த பிள்ளை, நெட்டில் தேடித் தேடி வாசித்தால் பயம் வரத்தானே செய்யும். நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று உன் வயிற்றை ஆர் துணியால் வரிந்து கட்டிவிட்டது? நான். செத்தா போனாய்? பிறகு அந்த மருத்துவிச்சி வீட்டுக்கு வந்து கட்ட வேண்டாம் என்றாளாம், நீயும் அவிழ்த்து எறிந்துவிட்டாய். நான் ஏதாவது சொன்னேனா? வாயைப் பொத்திக்கொண்டு ரயில் ஏறி வந்தேன்.

கவுணைப் பெரிதாக்கலாம்தான். நீயும் வந்து அந்தக் கல்லும் மணியும் தைத்த துணியைக் கையில் வைத்துப் பார்த்திருக்கலாம். உள்ளே மடித்து விட்ட துணி ஒரு நூல் அகலம்கூட இல்லை. பிரித்தால் மணி எல்லாம் கொட்டும். புதிதாகத் தைக்கக் கொடுத்தால் சடங்கு நாளுக்கு வந்து சேராது.

இன்னொன்று யோசி. இந்தப் பக்கத்தில் அரைவாசிக் கலியாணப் பொம்பிளைகளுக்கு அலங்காரம் செய்வது நான். என் மகளே பொருந்தாத உடுப்போடு மேடையில் நின்றால், அடுத்த நாள் ஆர் என்னைக் கூப்பிடப்போகினம்?

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். உன் கலியாணத்தில் வீடியோக்காரப் பெடியன் என்னைப் பார்த்து, "மாப்பிளையின்ர அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்றான். தம்பிக்கும் எனக்கும் ஆறு வயதுதான் வித்தியாசம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு என் சேலைக்குள்ளும் கோர்செட் இருந்தது, அது உனக்குத் தெரியுமா? இறுக்கியும் தாய் மாதிரித்தான் தெரிந்தேன்.

ஊரில் நான் பெரியபிள்ளையானபோது இதே உடம்பைத்தான் கொழுகொழு என்று கொஞ்சினார்கள், லட்சுமி மாதிரி என்றார்கள். அதே ஆட்கள் இங்கே வந்து, "என்ன கஜா, நல்லா உடம்பு வச்சிட்டாய்" என்கிறார்கள். என் உடம்பு மாறவில்லையடி, அவர்களுடைய கண்தான் மாறிவிட்டது. அந்தக் கண்ணுக்கு முன்னால்தான் என் பிள்ளை நிற்க வேண்டும். நான் பட்டதை அவள் படக்கூடாது.

இன்னும் ஆறு கிழமைதானே. அதற்குப் பிறகு அந்தக் கோர்செட்டை நீயே எடுத்து எரி. அதுவரைக்கும் தம்பியிடம் சொல்லி அவன் மண்டையைக் குழப்பாதே.

சின்னவளுக்கு முத்தம்.

கஜலக்சுமி


லுசேர்ண்
23 மே 2025

அன்புள்ள மச்சாள்,

வீடியோக்காரன் சொன்னது எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் காயத்துக்கு மருந்து யதுஷாவின் விலாவில் இல்லை.

நேற்று அவள் பள்ளிக்கூடத்தில் விழுந்ததை எனக்குச் சொல்லாமல் விட்டீர்கள். அவளே சிநேகிதியின் போனிலிருந்து எடுத்தாள். விளையாட்டுப் பாடத்தில் ஓடினாளாம், திடீரென்று எல்லாம் வெள்ளையாகத் தெரிந்ததாம், பிறகு பாயில் படுத்திருந்தாளாம். "எனக்கு ஒண்டும் இல்லை மாமி, சும்மா தலைச்சுத்து" என்றாள். பள்ளிக்கூடத்துக்கும் அதைப் போட்டுக்கொண்டா போனாய் என்று கேட்டேன். அவள் திருப்பி மெல்லக் கேட்டாள்: "அம்மா அழுதவவோ?"

பள்ளிக்கூடத் தாதி உங்களைக் கூப்பிட்டுக் கதைத்தபோது என்ன சொன்னீர்கள்? பிள்ளை சமய விரதம் பிடிக்கிறாள் என்று. அப்படித்தானே? யதுஷாதான் உங்களுக்கும் தாதிக்கும் நடுவில் நின்று பிரெஞ்சில் மொழிபெயர்த்தாளாம். விரதம் என்று கேட்டதும் அந்தப் பெண் மரியாதையோடு தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாளாம். சமயம் என்று சொன்னால் இந்த நாட்டில் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பொய்யை உங்களுக்காகப் பிரெஞ்சில் சொன்னது உங்கள் பிள்ளை. பொய் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதை இப்போது அவளும் படித்துவிட்டாள்.

இவரிடம் சொல்லிவிட்டேன். கோபிக்க வேண்டாம், அல்லது கோபியுங்கள். இவர் முதலில், "அக்கா தெரியாமச் செய்வாவே" என்றார். விழுந்த கதையைச் சொன்னதும் கதிரையில் இருந்துவிட்டார். இப்போது நான் எழுதுவது இருவருடைய முடிவும். கோர்செட்டைக் கழற்றாவிட்டால் நான் ஆராத்தித் தட்டைத் தொடமாட்டேன். தாய்மாமன் இல்லாமல்தான் நீங்கள் சடங்கு செய்ய வேண்டிவரும். நானூறு சனத்துக்கு அதற்கு என்ன காரணம் சொல்வது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உங்களை நான் எதிர்த்துக் கதைத்ததில்லை.

லக்சாயினி


லோசான்
31 மே 2025

லக்சாயினி,

வென்றுவிட்டாய். சந்தோஷமாக இரு.

கவுணின் முதுகுப் பக்கத்தை நானே பிரித்தேன். நடுவில் பட்டுத்துணி ஒட்டு வைத்து, பொத்தானுக்குப் பதிலாகக் கண்ணி குத்தி நாடா கோத்திருக்கிறேன். கொட்டின மணிகளை நிலத்தில் தவழ்ந்து பொறுக்கினேன். எப்படி விரிந்த உடம்புக்கும் இனி அது பொருந்தும். கோர்செட்டை என் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைத் தாலிக்கொடியிலே கொளுவியிருக்கிறேன். போதுமா? தம்பிக்கும் சொல்லு, அக்கா பயந்துவிட்டாள் என்று.

உன் அத்தார், என் மனுசன், இதொன்றையும் அறியமாட்டார். அவருக்கு இரவு ஷிப்ட், பகலில் நித்திரை. உங்கள் வீட்டில் புருஷனும் பெண்சாதியும் இருந்து முடிவெடுக்கிறீர்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. இனி இது தேவையில்லை என்று அவிழ்த்தபோது அவள் துள்ளுவாள் என்று நினைத்தேன். அழுதாள். "இன்னும் ரெண்டு சென்ரிமீற்றர்தான் கிடந்தது, ஏனம்மா விட்டனீங்கள்?" என்று கேட்டாள். நான் தோற்றதை விட அவள் தோற்றதுபோல. சின்னப்பிள்ளைதானே, மறந்துவிடுவாள்.

வாற நாளில் சனத்துக்கு முன்னால் அவளிடம் எதையும் விசாரிக்காதே. சிரித்த முகத்தோடு வா.

கஜலக்சுமி


லுசேர்ண்
13 ஜூன் 2025

அன்புள்ள மச்சாள்,

உங்கள் கடிதத்துக்குப் பிறகு சில நாள் நிம்மதியாக இருந்தேன். நன்றி சொல்லப் போன் எடுத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. உங்கள் கோபம் நியாயம்.

ஆனால் அவள் ஏன் அழுதாள் என்பது என்னை விடவில்லை. முந்தநாள் வீடியோவில் சின்னவளுக்கு விளையாட்டுக் காட்டினாள். இந்த வெக்கையில் குளிர்காலத்துக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். "என்னடி, டாவோஸ் மலையிலயோ நிக்கிறாய்?" என்று பகிடி பண்ணினேன். குளிருது மாமி என்றாள். கன்னத்து எலும்பு தெரிகிறது. சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு, என்ன சாப்பிட்டேன் என்று ஒவ்வொன்றாக ஒப்புவித்தாள். சாப்பிட்ட பிள்ளைகள் அப்படி ஒப்புவிக்கமாட்டார்கள், மச்சாள்.

நீங்கள் கழற்றிவிட்டீர்கள், அதை நான் நம்புகிறேன். அவள் கழற்றினாளா? ஒருமுறை பிள்ளை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். சடங்குக்கு முன்னால்.

லக்சாயினி


லோசான்
16 ஜூன் 2025

லக்சாயினி,

நேரமில்லை. மேடைக்காரன் வாழைமரம் இல்லை, பிளாஸ்டிக்தான் என்கிறான். பலகாரம் இன்னும் பாதி சுட வேண்டும்.

அவள் நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டுவிட்டேன் என்கிறாள், அதனால் இரவில் கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறாள். அலங்கார வேலையில் எனக்கு ஒத்தாசையாகக்கூட இருக்கிறாள். பொம்பிளைகளுக்குப் போடுகிற சாமான் பையை அவள்தான் இப்போது அடுக்கி வைக்கிறாள்.

மருத்துவரிடம் ஜூலையில் போவோம். இப்போது போய் ஊசி, இரத்தம் என்று குத்தினால் பிள்ளையின் முகம் வாடிவிடும். படத்தில் தெரியும்.

கஜலக்சுமி


லுசேர்ண்
2 ஜூலை 2025

அன்புள்ள மச்சாள்,

நாலு நாளாக நீங்கள் போன் எடுக்கவில்லை. உங்கள் கோர்செட்டை நான் வெட்டி எறிந்தேன் என்று யதுஷா சொன்னாள் என்றும், என் எரிச்சல்தான் அதற்குக் காரணம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்றும் இவர் சொன்னார். வெட்டினது உண்மை. எதை வெட்டினேன், ஏன் வெட்டினேன் என்பதை அவள் சொல்லியிருக்கமாட்டாள். கோபத்தோடாவது இதை முடிவு வரை வாசியுங்கள்.

சேலை மாற்றிக் கவுண் போடுகிற நேரம், மாமியே செய்யட்டும் என்று எங்கள் இரண்டு பேரையும் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினீர்கள். அவள் உள்சட்டையோடு நிற்க, கவுணை அவளுக்குத் தலைவழியாகப் போட்டேன். முதுகில் நாடாவை இழுத்தேன். நீங்கள் தவழ்ந்து மணி பொறுக்கி வைத்த அந்தப் பட்டு ஒட்டு முழுதாக மடிந்து உள்ளே போனது. கண்ணியும் கண்ணியும் முட்டின. அப்படியும் கவுண் அவள்மேல் தொங்கியது.

எனக்கு முதலில் உங்கள்மேல்தான் கோபம் வந்தது. பூட்டினேன் என்று எழுதிவிட்டுத் திரும்பக் கட்டியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். நாடாவைத் தளர்த்தி, உள்சட்டையை விலக்கிப் பார்த்தால் அது நீங்கள் கட்டின வெள்ளை இல்லை. கறுப்பு. அதைவிடச் சின்னது. பொம்பிளைகளுக்கு வைத்திருக்கிற உங்கள் சாமான் பையிலிருந்து எடுத்தது.

"எப்ப தொடக்கம்?"

"அம்மா மற்றதைப் பூட்டின நாளிலயிருந்து."

"ஆர் கட்டிவிடுறது?"

"நான்தான்."

அவிழ்க்கக் கையை வைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்தாள். நீர் மாதிரிக் குளிர்ந்த கை. "வேண்டாம் மாமி, அவிழ்த்தா எல்லாரும் பார்ப்பினம்."

"என்னத்தைப் பார்ப்பினம்?"

"என்னை."

வெளியில் சின்னவள் வீரிட்டு அழுதாள். இவர் கதவைத் தட்டினார். பிள்ளையை வாங்கி, பால் போத்தலைக் கொடுத்துத் திருப்பி அனுப்ப ஒரு நிமிடம் ஆகியிருக்காது. திரும்பிப் பார்க்கிறேன், மச்சாள். யதுஷா கோர்செட்டின் நாடாவை ஜன்னல் கைபிடியில் கொளுவிவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாடா இறுக இறுக, முன்னுக்கு நடக்கிறாள். மெதுவாக, ஒவ்வோர் அடியாக. முகத்தில் நோவும் இல்லை, அழுகையும் இல்லை. பல்லுத் தீட்டுகிறபோது எப்படி நிற்போம், அப்படி ஒரு முகம். எத்தனை காலையில் அவள் இப்படி நடந்திருப்பாள்? அடுத்த அறையில்தான் நீங்கள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றிருப்பீர்கள்.

உங்கள் மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து நாடாவை வெட்டினேன். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சொந்தமும் இல்லை. "இனிக் கவுணை ஊசி குத்தி விடுங்கோ" என்றாள். குத்திவிட்டேன். வெளியில் நீங்கள், "நேரம் போகுது, கெதியா வாங்கோ" என்று கூப்பிட்டீர்கள். நாங்கள் வந்தோம்.

மேடையில் அவள் ஏறியதும் சனம் ஆவென்று பார்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். "பொம்மை மாதிரி", "நடிகை மாதிரி", "என்ன இடுப்படி, தாய்க்கு நேரெதிர்" என்று எனக்குப் பின்னால் நின்று சொன்னார்கள். நீங்கள் கண் கலங்கி நின்றீர்கள். உங்களை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. தட்டைத் தூக்கி மூன்று தரம் சுற்றினேன். அந்த விளக்கு வெளிச்சத்தில் அவள் உதட்டில் பூசின நிறத்துக்குள்ளே நீலம் தெரிந்தது. அவள் விழவில்லை. சிரித்தாள், எல்லாப் படத்துக்கும் நின்றாள், கேக் வெட்டினாள், ஊட்டினதை வாயில் வாங்கினாள், பிறகு துடைப்பதுபோல ஒரு கடதாசியில் துப்பினாள். நான் அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நானூறு பேர் பார்த்திருக்க ஒன்றுமே நடக்கவில்லை. எனக்குப் பயம் அதனால்தான். விழுந்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அன்றைக்கே உங்களிடம் சொல்ல இரண்டு தரம் வந்தேன். ஒருமுறை உங்களைச் சுற்றிப் பொம்பிளைகள் நின்று அடுத்த சடங்குக்கு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மற்றமுறை, "இண்டைக்கு மட்டும் என்னைச் சந்தோஷமா இருக்க விடு லக்சாயினி" என்றீர்கள். விட்டுவிட்டேன்.

இன்று பின்னேரம் அவள் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். மேடையில் தனியாக நிற்கிற படம். ஏதோ ஆப்பில் போட்டு இடுப்பை இன்னும் ஒடுக்கியிருக்கிறாள். எவ்வளவு ஒடுக்கினாள் என்றால், அவளுக்குப் பின்னால் நிற்கிற மண்டபத்துத் தூண் உள்ளுக்கு வளைந்துபோயிருக்கிறது. கீழே எழுதியிருக்கிறாள்: "இதுதான் மாமி சரியான நான். இன்னும் கொஞ்சம்தான்." நான் கோபமாயிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பியிருக்கிறாள். ஒருவேளை என்னிடம்தான் அனுப்ப முடியும் என்று நினைத்தாளோ, அதுவும் தெரியவில்லை.

இந்தக் கவுண், மண்டபம், சனம் எல்லாம் முடிந்துவிட்டது, மச்சாள். அவளுக்கு முடியவில்லை. இனி இது நீங்கள் கட்டினதும் இல்லை, நீங்கள் அவிழ்க்கக்கூடியதும் இல்லை. பூட்டி வைத்து நிறுத்த முடியாது. பேசாதீர்கள், அடிக்காதீர்கள், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் காவல் இருக்காதீர்கள். மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். விரதம் என்று சொல்லாமல் உள்ளதைச் சொல்லுங்கள். அவளை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் தமிழுக்கு ஆள் கேட்டால் கொடுப்பார்கள். வெட்கமாக இருந்தால் நான் சொல்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். வெள்ளிக்கிழமை இவருக்கு ஓய்வு. சின்னவளை இவரிடம் விட்டுவிட்டுக் காலை முதல் ரயிலில் என்னால் வர முடியும். நீங்கள் வா என்று சொன்னால்தான் வருவேன். உங்கள் கதவுக்கு வெளியே நின்று உங்களோடு சண்டை பிடிப்பதை அவள் பார்க்கக் கூடாது.

உங்களுக்கு என்னில் எவ்வளவு கோபம் இருந்தாலும் இருக்கட்டும், அதைப் பிறகு தீர்த்துக்கொள்வோம். இன்று அவள் நித்திரையான பிறகு அறைக்குள் போய் அவள் முதுகில் ஒருமுறை கையை வைத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு, விடிய முன்னம் என்றாலும் பரவாயில்லை, எனக்கு உடனே பதில் எழுதுங்கள்.

லக்சாயினி